தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொடி: இரசாயனம் படிக்க விரும்பும் மகளின் தாயாருக்கு

அம்மா, தண்ணீர் பட்டாலே எரியும் சோடியம் ஹைட்ரைடு என்ற பொடியை மகள் கையாள வேண்டியிருக்குமே என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் எண்ணெயின் அமிலத்தன்மையும் ஈரப்பதமும்தான் பார்ப்பார்கள். இந்தப் பொடிக்கு அங்கே வேலையில்லை. பல்கலைக்கழகக் கரிம இரசாயன ஆய்வுக்கூடத்திலும் மருந்து மூலப்பொருள் தயாரிப்பிலும்தான் அது வரும். ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி ஈதர் என்ற வகைச் சேர்மம் செய்ய உதவும் வலுவான காரம் அது.

தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயுவும் காஸ்டிக் சோடாவும் உண்டாகும். அந்தச் சூட்டிலேயே வாயு பற்றிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றின் ஈரமே போதும் கெடுக்க. அதனால்தான் பெரும்பாலும் கனிம எண்ணெயில் கலந்து, 60 விழுக்காடாக விற்கிறார்கள். 10 மில்லிமோல் (இரசாயனத்தில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) வேண்டுமென்றால், மீதி எண்ணெய் என்பதால் 0.24 கிராம் அல்ல, 0.40 கிராம் நிறுக்க வேண்டும். அதிலிருந்து ஏறக்குறைய 240 மில்லிலீட்டர் ஹைட்ரஜன் வரும். குடுவையை இறுக மூடினால் வெடிக்கும். நைட்ரஜன் ஓட்டத்தில், வாயு வெளியேற வழிவிட்டுத்தான் வேலை.

விபத்து பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானில் போட்டுச் சூடாக்குவது: கரைப்பானே வினைபுரிந்து கட்டுக்கடங்காமல் போகும். முடிந்தவரை ஈரமில்லாத டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பானே நல்லது. மற்றொன்று, வேலை முடிந்தபின். பொடி துடைத்த டிஷ்யூவைக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். பொடியின் எண்ணெயைக் கழுவப் பயன்படுத்திய ஹெக்சேன் கரைப்பானில் பொடி கலந்திருப்பதை மறந்துவிடுவார்கள். மிச்சத்தை ஐஸ் தொட்டியில் வைத்து, நைட்ரஜனுக்குள் ஐசோப்ரோப்பனால் என்ற ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடக்கி, கடைசியில்தான் தண்ணீர். தீப்பிடித்தால் தண்ணீரும் கூடாது, கார்பன் டைஆக்சைடும் கூடாது. உலர்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கான டி வகை அணைப்பான்.

இதையெல்லாம் கைப்பழக்கமாக்கும் படிப்பைத் தேடுங்கள். படிவம் ஆறோ மெட்ரிகுலேஷனோ, எதுவானாலும் சரி. எஸ்பிஎம்மில் இரசாயனமும் கணிதமும் உறுதியாக இருக்கட்டும். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கரிம இரசாயன ஆய்வகம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், நைட்ரஜன் குழாயில் மாணவரே வேலை செய்வாரா, பார்த்துக்கொண்டு நிற்பாரா என்று நேராகக் கேளுங்கள். 1975ஆம் ஆண்டு இரசாயனர் சட்டத்தின் கீழ் இயங்கும் இரசாயனர் அமைப்பான இன்ஸ்டிடியூட் கிமியா மலேசியா அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பதையும் பணம் கட்டுமுன் விசாரித்துவிடுங்கள்.