காற்றா, கையா?

கேள்வி: என் மாமா துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை பார்க்கிறார். பழகாத ஆட்கள் அடித்தால், வலக்கைக்காரர் பந்து வலப்பக்கமாகவும் இடக்கைக்காரர் பந்து இடப்பக்கமாகவும் வளைந்து போகிறதாம். காற்றுதான் காரணமா, சார்?
- பிளஸ் டூ மாணவர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: இல்லை தம்பி. நம் ஆரல்வாய்மொழிக் காற்றையே எடுத்துக்கொள். அது எல்லார் பந்தையும் ஒரே பக்கம்தான் தள்ளும். அடித்தவர் எந்தக் கைக்காரர் என்று பார்க்காது. மாமா சொல்வதில் ஆளுக்கு ஆள் பக்கம் மாறுகிறதே, அதில்தான் விடை இருக்கிறது.

கோல்ஃப் மட்டையின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் சரியாக அடிபட்ட பந்து பின்சுழற்சியோடு கிளம்பும். சுழலும் பந்து காற்றைக் கீழே திருப்பிவிட, காற்று பந்தை மேலே தூக்கும். மாக்னஸ் விளைவு என்பது இதுதான். பலரும் நினைப்பதுபோல, வளைவதற்கென்று பந்துக்குத் தனியாக இன்னொரு சுழற்சி கிடையாது. ஒரே சுழற்சிதான், அதன் அச்சு சாய்ந்துவிடுகிறது, அவ்வளவே. மட்டை வீசப்படும் பாதையை விட அதன் முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தால் அச்சின் வலமுனை தாழும். தூக்குகிற விசையும் வலப்பக்கம் சாயும், பந்தும் அங்கேயே போகும். வலக்கைக்காரருக்கு இதன் பெயர் ஸ்லைஸ். மாமா பார்ப்பது இதைத்தான். இடக்கைக்காரருக்கு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறும். அவருடைய ஸ்லைஸ் இடப்பக்கம் வளையும். எதிர்ப்பக்கம் வளைந்தால் ஹூக்.

2012 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், சமநிலையை உடைக்க நடந்த பிளேஆஃபில் பப்பா வாட்சன் அடித்த ஹூக் ஷாட்டைத் தேடிப் பார். இடக்கைக்காரர். பந்து பைன் மரங்களுக்குள் மாட்டிக்கிடக்கிறது. அங்கிருந்து வெட்ஜ் மட்டையால் சுமார் 40 கஜம் வலப்பக்கம் வளைத்து, குழி இருக்கும் புல்தரைக்குக் கொண்டுவந்தார். வெட்ஜ் நன்றாகச் சாய்ந்த மட்டை. பின்சுழற்சி அதில் அதிகம் என்பதால் அச்சைச் சாய்ப்பது கடினம். தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டையில் சாய்வு குறைவு, முகம் கொஞ்சம் பிசகினாலே பந்து எங்கோ போய்விடும். வெட்ஜாலேயே அவ்வளவு வளைத்தாரே, அதனால்தான் அந்த ஷாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உங்கள் ஊர்ப் பையன்கள் வலக்காலின் உள்பக்கத்தால் ஃப்ரீ கிக் அடித்தால் பந்து இடப்பக்கம் வளைகிறதே, அதுவும் இதே கணக்குதான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பேப்பர் கப்பை அடியோடு அடி சேர்த்து டேப் ஒட்டு. நாலைந்து ரப்பர் பேண்டைக் கோத்து நடுவில் இழுத்துச் சுற்று. கப்புகளைக் கிடையாகப் பிடித்தால், கடைசி முனை அவற்றுக்குக் கீழிருந்து முன்னால் வரவேண்டும், அதை மறந்துவிடாதே. முனையை ஒரு விரலில் மாட்டி, கப்பைப் பின்னால் இழுத்து விட்டால் மேலே எழும்பிப் போகும். அப்புறம் இடப்பக்கக் கப்பைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து விடு. இடப்பக்கம் வளையும். ஃபேனை மட்டும் நிறுத்திவிட்டுச் செய்.