கருப்பு அம்பாசடரை எச்டிஆரில் எடுத்தால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வருகிறதே, ஏன்?

நீங்கள் கேட்டது இது: காரைக்குடிப் பக்கம் உங்கள் ஊர் வீட்டில் தாத்தா வாங்கிய கருப்பு அம்பாசடர் மார்க் 2 நிற்கிறது. வீட்டையும் வண்டியையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். சாதாரணமாக எடுத்தால் தெரு வெள்ளையாக வெந்துபோகிறது, வீட்டுக்குள் கும்மிருட்டு. எச்டிஆர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) போட்டால் வண்டி பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. என்ன வழி?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வண்டிகளைத் தேடித் தேடி எடுப்பவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டியின் உடம்பில் எச்டிஆரை ஏற்றாதீர்கள். வண்டிக்கு உள்ளேயும் அடியிலும், அது நிற்கும் வீட்டுக்கும் தெருவுக்கும் ஏற்றுங்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே பொம்மைத்தனம் பெரும்பாலும் போய்விடும்.

கருப்பு பெயின்டுக்குச் சொந்த வெளிச்சம் ரொம்பக் குறைவு. அம்பாசடரின் குண்டு பானெட், மட்கார்டு வளைவு, பின்பக்கம் லேசாகத் தூக்கிய வால் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதே மேலே ஓடும் பிரதிபலிப்பால்தான். வானத்தின் வெள்ளைப் பட்டை ஒன்று பானெட் மேல் வழுக்கிக்கொண்டே வந்து, வளைவு இறங்கும் இடத்தில் சட்டென்று கருப்பில் முடியும். அந்த இடம்தான் வண்டிக்கு உருவம் கொடுக்கிறது. டோன் மேப்பிங் (பெரிய வெளிச்ச வித்தியாசத்தைத் திரைக்குள் அடக்குவது) செய்யும் மென்பொருளுக்கு அது உருவம் என்று தெரியாது. கருப்பைத் தூக்கிச் சாம்பலாக்கும், வெள்ளைப் பட்டையை அமுக்கி அதையும் சாம்பலாக்கும். கடைசியில் பானெட் முழுக்க ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும். நீங்கள் பிளாஸ்டிக் என்று சொல்வது அதைத்தான்.

க்ரோம் பம்பருக்கும் இதே கதிதான். வெயில் நேராகப் பட்டுத் தெறிக்கும் அந்தச் சின்னப் பொட்டு படத்தில் சுத்த வெள்ளையாக, விவரமே இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே விவரம் தேடிக் கீழே இழுத்தால் க்ரோம் அலுமினியத் தகடு மாதிரி ஆகிவிடும். ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தின்) வலது ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு முட்டிக்கொண்டு நின்றால் பதறாதீர்கள், அது பம்பர்தான்.

இன்னொரு தொல்லை, கூரை விளிம்பைச் சுற்றி வரும் ஒளிவட்டம். மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றுவதும் இறக்குவதும். கருப்புக் கூரைக்குப் பக்கத்தில் வெள்ளை வானம் இருந்தால் அந்த எல்லையில் கணக்குத் தடுமாறி, வண்டியைச் சுற்றிச் சாமி படத்துப் பிரபை மாதிரி ஒன்று வந்துவிடும். கூரைக்குப் பின்னால் வானம் வராமல் சுவர் வரும்படி கேமராவைக் கொஞ்சம் உயர்த்தினாலே பாதி சரியாகிவிடும்.

தூசியும் அப்படித்தான். உலர்ந்த துணியால் வருடக்கணக்கில் துடைத்த பெயின்டில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். சாதாரணப் படத்தில் தெரியாதது எச்டிஆரில் சிலந்தி வலையாக எழுந்து நிற்கும். தேவகோட்டைப் பக்கத்தில் ஓர் ஆச்சி, நான் பையிலிருந்து துணியை எடுத்ததுமே, "தம்பி, தண்ணி ஊத்திக் கழுவிட்டுத் துடைங்க, சும்மா தேய்ச்சா செம்மண்ணு கீறிப்புடும்" என்றார். படமெடுப்பவனுக்கு அதைவிட நல்ல யோசனை யாரும் சொல்ல முடியாது. செம்மண் தூசி உண்மையிலேயே பெயின்டை அறுக்கும்.

சரி, எச்டிஆர் எங்கே உண்மையில் தேவைப்படுகிறது? அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். கேமராவை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் பட்ட எதிர்ச் சுவரை அளந்தால் 1/1000 நொடி வருகிறது, வண்டிக்குள் டாஷ்போர்டை அளந்தால் 1/2 நொடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் (வெளிச்ச அளவின் ஒரு படி) நேரம் இரட்டிப்பாகும் என்பதால் இடையே ஒன்பது ஸ்டாப். இன்றைய நல்ல முழு ஃபிரேம் கேமராக்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே தரும் கோப்பு) 13, 14 ஸ்டாப் வரை பிடிக்கும். ஆனால் அந்த வீச்சின் அடிமட்டத்தில் இருப்பதைத் தூக்கினால் மணல் மணலாக இரைச்சல் வரும். டாஷ்போர்டு சுத்தமாக வேண்டுமென்றால் பல எக்ஸ்போஷர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் படங்கள்) எடுத்துத்தான் ஆக வேண்டும். வித்தியாசம் ஐந்தாறு ஸ்டாப்புக்குள் இருந்தால் ஒரே ரா படம் போதும், வீணாக மெனக்கெட வேண்டாம். விடிந்து வெயில் ஏறுமுன் தெருவில் நிறுத்தி எடுக்கும் வண்டிக்குப் பெரும்பாலும் எச்டிஆரே தேவைப்படாது. அந்த நேரத்தில் வானம் முழுவதும் ஒரே சீரான விளக்கு. கருப்பு பெயின்டுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் ஸ்டூடியோவில்கூடக் கிடைக்காது.

செட்டிநாட்டு வீடுதான் எச்டிஆருக்கு என்றே கட்டி வைத்த மாதிரி இருக்கும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், இரண்டும் ஒரே நேர்கோட்டில். உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டில் நின்று பார்த்தால் வளவு (நடு முற்றம்), முகப்பு, திண்ணை எல்லாம் தாண்டித் தெரு வரை பார்வை போகும். வண்டியை முன்வாசலுக்கு நேரே தெருவில் குறுக்காக நிறுத்தச் சொல்லிவிட்டு, கேமராவை உள்ளே இரண்டாம் கட்டு வாசலில் வையுங்கள். இருட்டு, அப்புறம் வளவில் விழும் வெயில், அப்புறம் மறுபடி இருட்டு, அதற்கப்பால் தெரு வெளிச்சத்தில் வண்டியின் பக்கவாட்டு உருவம். பர்மா தேக்குத் தூணின் நிழல் பக்கம் ஒரு ஓரம், தெரு மறு ஓரம். இந்தக் காட்சியை ஒரே எக்ஸ்போஷரில் எடுக்க முடியாது. நான் ஐந்து படம் எடுப்பேன், ஒவ்வொன்றுக்கும் இடையே 2 ஸ்டாப்: −4, −2, 0, +2, +4.

நேரம் பார்ப்பது முக்கியம். கிழக்குப் பார்த்த வீடென்றால் சாயங்காலம் நாலு மணி வாக்கில் வீட்டு நிழலே தெருவில் விழுந்து வண்டியை மூடும். மேற்குப் பார்த்த வீடென்றால் காலையில். அப்போது வண்டி நிழலில், எதிர்ச் சுவர் வெயிலில் என்று இருக்கும். பானெட்டில் வானமும், உங்கள் பக்கத்துக் கதவுகளில் வீட்டு முகப்பும் நிழலாடும். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் பளபளப்போடு இருக்கிற வீடென்றால், சுவரே லேசாக வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். கீழே செம்மண் நிறம் கதவின் அடிப்பகுதியில் ஏறும். ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அந்தப் பச்சையும் சிவப்பும்கூட வரும். சேச்சுரேஷன் (நிற அடர்த்தி) ஏற்றினால் இந்த நிறங்கள் முதலில் கத்தும், அதனால் அந்தப் பக்கம் கையை வைக்காதீர்கள். ஆனால் அவற்றை அழித்தும் விடாதீர்கள். வண்டி எந்த ஊர் மண்ணில் நிற்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

எடுக்கும்போது: முக்காலி கட்டாயம். அபர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) எஃப் 8 அல்லது 11-இல் நிறுத்திவிட்டு ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும், அபர்ச்சர் மாறினால் கூர்மையின் ஆழமும் மாறி படங்கள் பொருந்தாது. ஃபோகஸ் பிடித்ததும் ஆட்டோவை அணைத்துவிடுங்கள். வொய்ட் பேலன்ஸை ஒரே இடத்தில் வையுங்கள். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் அணையுங்கள். ஆட்டோ பிராக்கெட்டிங்கும் (கேமராவே வெளிச்ச அளவை மாற்றி மாற்றி எடுப்பது) 2 நொடி டைமரும் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம். எடுத்து முடியும்வரை யாரும் வண்டியில் சாயவோ கதவைச் சாத்தவோ கூடாது. பழைய லீஃப் ஸ்பிரிங் வண்டி, கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. க்ரோம் பம்பரும் ஹெட்லைட் வளையமும் குவிந்த கண்ணாடிகள், எதிரே இருக்கும் தெரு முழுவதும் அதற்குள் இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். ஐந்து படம் எடுக்கும் நேரத்தில் நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் பம்பருக்குள் நாலைந்து பேர் மங்கலாக நிற்பது போல வரும். கோஸ்ட் (படங்களுக்கிடையே நகர்ந்ததன் மங்கல் உருவம்) நீக்கும் வசதி இலையையும் சைக்கிளையும் கவனிக்கும், பம்பருக்குள் இருக்கும் சின்ன உருவத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். ரிமோட் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விடுங்கள், அல்லது கருப்புச் சட்டை போட்டு அசையாமல் நில்லுங்கள். 85 அல்லது 135 மில்லிமீட்டர் லென்ஸோடு தள்ளி நின்றால் உங்கள் உருவம் சின்னதாகிவிடும்.

போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் ஃபில்டர்) பற்றி நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள். விண்ட்ஷீல்டில் தெரியும் வானத்தைக் குறைத்து உள்ளே ஸ்டியரிங்கைக் காட்ட அது உதவும். ஆனால் பளபளக்கும் வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அது பெரிதாகக் குறைக்காது, அதனால் பம்பருக்குப் பயனில்லை. கருப்பு பெயின்டில் முழுசாகத் திருப்பினால் உருவம் காட்டும் அந்த வெள்ளைப் பட்டையையே தின்றுவிடும். கருப்பு வண்டிக்கு நான் மாட்டுவதே இல்லை.

இப்போது இணைப்பது. 1850-களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். 1997-இல் டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். அந்தக் கணக்கை மறுபடி திரைக்கு அடக்கும்போதுதான் டோன் மேப்பிங் வருகிறது, பிளாஸ்டிக்கும் அங்கேதான் பிறக்கிறது. 2007-இல் மெர்டென்ஸும் கூட்டாளிகளும் கொண்டுவந்த எக்ஸ்போஷர் ஃபியூஷன் அந்தச் சுற்றுவழியே போகாது. ஒவ்வொரு படத்திலும் நன்றாக வந்த பகுதிக்கு அதிக எடை கொடுத்து நேரடியாகக் கலக்கும். பழைய வண்டிக்கு இதுதான் எனக்குப் பிடித்த முறை. ஹுகின் என்ற இலவச மென்பொருளோடு வரும் என்ஃபியூஸ் இதைச் செய்யும். லைட்ரூம் மென்பொருளில் இணைத்தாலும் தப்பில்லை, அது டிஎன்ஜி என்ற ரா வகைக் கோப்பாகத் தரும், ஸ்லைடர்களை நீங்களே மெதுவாக நகர்த்தலாம்.

கலந்த படம் வந்ததும் அதைக் கீழ் லேயராக வையுங்கள். நடு எக்ஸ்போஷரை அதன்மேல் வைத்து, வண்டியின் உடம்பு மட்டும் தெரியும்படி மாஸ்க் போடுங்கள். பானெட், கதவு, கூரை, பம்பர் எல்லாம் ஒரே எக்ஸ்போஷரிலிருந்து வரட்டும். சக்கர வளைவுக்குள்ளும், ஜன்னல் வழியே தெரியும் சீட்டிலும், தூண்களிலும் கலந்த படம் இருக்கட்டும். மாஸ்க்கின் ஓரத்தை மென்மையாக வைத்தால் கூரை விளிம்பின் ஒளிவட்டமும் அதோடு போய்விடும். வண்டிக்கு அடியில் விழும் நிழலை மட்டும் தூக்காதீர்கள். அந்த நிழல் போனால் வண்டி தரையில் நிற்காமல் மிதக்கும்.

வண்டிக்குள் எடுக்கும்போது மட்டும் தாராளமாக எச்டிஆர் போடுங்கள். பின்சீட்டில் முக்காலியை ஊன்றி, ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியர் கம்பி, ஸ்பீடாமீட்டர், ஒரே நீளமான முன்சீட், விண்ட்ஷீல்டுக்கு வெளியே வீட்டு முகப்பு என்று எல்லாம் ஒரே படத்தில் வரும். அங்கே பளபளக்கும் பெரிய பரப்பு இல்லாததால் கெட்டுப்போக ஒன்றுமில்லை. இன்ஜினுக்கும் அப்படியே. உறவினர் வீட்டில் யாராவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தால் விடாதீர்கள். சென்னையில் கூட்டிய அந்த வண்டியில் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும், இன்ஜின் முழுசாக வெளியே வந்து நிற்கும்.

கையில் கேமரா இல்லை, போன்தான் என்றாலும் செய்யலாம். போன் தானாகவே பல படங்களை இணைத்து நிழலைத் தூக்கிவிடும், அதுதான் அங்கே சிக்கல். புரோ மோடு இருந்தால் ரா-வில் எடுங்கள். இல்லையென்றால் பானெட்டின் வெள்ளைப் பட்டையைத் தொட்டு, வெளிச்ச ஸ்லைடரை நன்றாகக் கீழே இறக்கி ஒரு படம், அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு ஏற்றி இன்னொரு படம். வீட்டுக்கு வந்து இரண்டையும் மேலே சொன்ன மாதிரி மாஸ்க் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.