பரிணாமத்தை ஏற்றுக்கொண்டு கடவுளையும் கும்பிடலாமா?

கேட்டிருப்பது இதுதான்: மகள் பள்ளியில் பரிணாமம் படிக்கிறாள். வீட்டில் உயிர்களைக் கடவுள் படைத்தார் என்று சொல்லி வளர்க்கிறோம். தேர்வுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா, இல்லை இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா?

நான் விலங்கியல் படித்தவன், சாமி கும்பிடுகிறவனும்கூட. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடவுளைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லிவந்த சில விளக்கங்களைக் கைவிட வேண்டியிருக்கும். அவற்றில் சில மனதுக்கு மிகவும் நெருக்கமானவை.

இந்த விவாதத்தில் ஆத்திகர்கள் முதலில் நீட்டுவது ஒரு பெயர்ப் பட்டியல். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். சூழலுக்குப் பொருந்திய உயிர்கள் அதிகம் பிழைத்துப் பெருகுவதால் இனம் மெல்ல மாறுகிறது என்பதுதான் இயற்கைத் தேர்வு; அதற்குக் கணித அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதுவுமே விளங்காது என்று 1973இல் எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். டார்வினே 1879இல் ஒரு கடிதத்தில், ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியுமா என்று சந்தேகப்படுவதே அபத்தம் என்று எழுதினார். பட்டியல் உண்மைதான். ஆனால் ஒரே தலைக்குள் இரண்டு நம்பிக்கைகள் குடியிருப்பதால் அவை ஒத்துப்போகின்றன என்று ஆகிவிடாது. மனிதர்களால் எத்தனையோ முரண்களோடு நிம்மதியாக வாழ முடிகிறது.

ஆகவே பெயர்களை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம். பரிணாமத்துக்கு எவ்வளவு வலுவான சான்று இருக்கிறது என்பது தெரியாமல் சமரசம் பேசுவதில் பயனில்லை. எனக்குப் பிடித்த ஒரு சான்றைச் சொல்கிறேன். மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் டிஎன்ஏ இழைகள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்உட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. எல்லோருக்கும் பொது மூதாதை உண்டு என்றால் நம்மிடம் ஒரு ஜோடி எங்கே போயிற்று? ஒரு ஜோடி அப்படியே தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்க முடியாது. எனவே இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தழும்பு இருக்க வேண்டும். இருக்கிறது. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில், வழக்கமாக முனைகளில் மட்டுமே இருக்கும் டிஎன்ஏ வரிசை கிடக்கிறது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதி ஒன்றுதான் இருக்கும்; செயலிழந்துபோன இன்னொரு சென்ட்ரோமியரின் மிச்சமும் அதே குரோமோசோமில் உண்டு. வைட்டமின் சி கதையும் இப்படித்தான். பெரும்பாலான பாலூட்டிகள் அதை உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மிடமும் அதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் அதே மரபணு பழுதாகியிருக்கிறது. புதிதாகப் படைக்கிற ஒருவர் எதற்காக ஒரே பழுதான பொருளை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும்?

இதை ஏற்றால் எவையெல்லாம் விழும்? 17ஆம் நூற்றாண்டில் பேராயர் ஜேம்ஸ் அஷர் பைபிள் வம்சாவளிகளைக் கூட்டிக் கழித்து, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று கணக்குச் சொன்னார். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள், ஆகவே அந்தக் கணக்கு போயிற்று. ஒவ்வொரு உயிரினமும் இன்றிருக்கும் உருவத்திலேயே தனித்தனியாக வந்தது என்பதும் போயிற்று. கண் போன்ற நுட்பமான உறுப்பைப் பார்த்தாலே அதைச் செய்த ஒருவர் உண்டு என்று தெரியவில்லையா என்ற வாதத்தை 1802இல் ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி விரிவாக எழுதினார். இளம் டார்வின் அதை ரசித்துப் படித்தவர். இயற்கைத் தேர்வு தகர்த்தது முக்கியமாக இந்த வாதத்தைத்தான். கடவுள் இல்லை என்று அது நிரூபிக்கவில்லை, உறுப்புகளின் நுட்பத்தைக் காட்டிக் கடவுளை நிரூபிக்கும் வழியைத்தான் அடைத்தது.

வழி அடைபட்டதும் குறுக்குவழிகள் முளைத்தன. நம்மவர்களுக்குப் பிடித்தது, 'இதெல்லாம் எங்கள் நூல்களில் அன்றே இருக்கிறது' என்பது. தசாவதாரத்தை எடுத்துக்கொள்வார்கள். மீன், ஆமை, பன்றி, பிறகு பாதிச் சிங்கம் பாதி மனிதன், பிறகு குள்ளன். மனிதன் பன்றி வழியாகவோ சிங்கம் வழியாகவோ வரவில்லை. குரங்கின வரிசையையே காணோம். அடுத்தடுத்த படிகளாகச் சொல்லப்படும் பரசுராமரும் இராமரும் கதையில் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்கிறார்கள்! சிவபுராணத்தின் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்ற வரியும் இந்த வாதத்தில் தப்புவதில்லை. தொடர்ந்து படியுங்கள்: பல்விருகம், பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், கணங்கள். பாம்புக்குப் பிறகு கல் வருகிற வரிசை எந்த உயிரியலிலும் இல்லை. மாணிக்கவாசகர் சொல்வது ஒரே உயிர் பிறவிதோறும் அலைந்து களைத்த கதை, 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்கிறார். பரிணாமத்திலோ எந்தத் தனி உயிரும் இன்னொன்றாக மாறுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டம்தான் மாறுகிறது. அந்த 'இளைத்தேன்' என்பதில் இருக்கும் களைப்பைக் கவனிக்காமல் அதை உயிரியல் பாடமாக்குவது பாட்டுக்கும் அநியாயம், அறிவியலுக்கும் அநியாயம்.

இன்னொரு குறுக்குவழி, அறிவியல் இன்னும் விளக்காத இடங்களில் கடவுளை உட்கார வைப்பது. அமெரிக்காவில் இது 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் வந்தது. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் அதை வகுப்பறைக்குள் கொண்டுவர, 2005இல் வழக்கு நீதிமன்றம் ஏறியது. படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்க வைக்கும் சட்டம் செல்லாது என்று 1987இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, டோவர் வாரியம் பரிந்துரைத்த புத்தகத்தின் வரைவுகளில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று அதைத் தயாரித்தவர்கள் மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டே நின்றுவிட்டன. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் இல்லை என்று தீர்ப்பளித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், ஜார்ஜ் புஷ் நியமித்தவர். எதிர்த்துச் சாட்சி சொன்ன முக்கியமான உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். மேலே நான் சொன்ன இரண்டாம் குரோமோசோமைத்தான் அவரும் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார்.

நாகரிகமான சமரசம் ஒன்றும் உண்டு. அறிவியல் உண்மைகளைப் பேசட்டும், மதம் விழுமியங்களைப் பேசட்டும், எல்லைகள் மோதாது என்று பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு 1997இல் எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மதங்கள் அந்த எல்லைக்குள் இருப்பதில்லை. 1950இல் போப் 12ஆம் பயஸ் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார். ஆனால் மனிதகுலம் முழுவதும் ஆதாம் என்ற ஒருவரின் வழிவந்தது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அது வரலாற்றைப் பற்றிய கூற்று. கடந்த சில லட்சம் ஆண்டுகளில் மனிதக் கூட்டம் ஒரே ஒரு ஜோடியாகச் சுருங்கியதற்கான தடயம் நம் மரபணுக்களில் இல்லை. 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். ஆதாம் விஷயத்தில் இறையியலாளர்கள் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்ற பைபிள் கணக்கோ ஆதாமோ எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. வலிதான் சிக்கல்.

குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்று கேட்டிருப்பீர்கள். இறைவனையே நினைக்கும் உயிர் இறைத்தன்மை அடையும் என்பதற்குப் பக்தி மரபில் காலங்காலமாகச் சொல்லப்படும் உவமை அது. உண்மையில் நடப்பது வேறு. குளவி புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கிக் கூட்டுக்குள் வைத்து முட்டையிடுகிறது. பொரித்து வரும் குளவிக்குஞ்சு, சாகாமல் கிடக்கும் அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. கூட்டிலிருந்து கடைசியில் குளவி வெளியே வருவதைப் பார்த்தவர்கள் புழுதான் மாறியது என்று நினைத்தார்கள். புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் குளவி வகைகளும் உண்டு. அவற்றைச் சொல்லித்தான் 1860இல் டார்வின் ஏசா கிரேக்கு எழுதினார்: அன்பும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே இவற்றைப் படைத்திருப்பார் என்று என் மனதைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. 1851இல் தன் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தவர் அவர்.

வலிக்கு மதங்கள் வைத்திருந்த பதில்கள் இங்கே தடுமாறுகின்றன. முதல் மனிதனின் பாவத்தால் உலகில் சாவு வந்தது என்றால், மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றையொன்று தின்று வாழ்ந்த உயிர்களுக்கு என்ன பதில்? வினைக் கொள்கைக்கும் இதே கேள்விதான். மனிதப் பிறவியில் செய்ததை விலங்குப் பிறவியில் அனுபவிக்கிறோம் என்றால், நம் இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகிறது, இரையும் வேட்டையும் 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. யார் செய்த வினையை யார் தின்றார்கள்? வினை அனாதி, இந்த உலகம் ஒன்றுதானா இருக்கிறது என்று பதில் சொல்வார்கள். அதைப் பொய் என்று காட்ட முடியாது. ஆனால் பூமியைப் பற்றிய கேள்விக்கு வேறு உலகத்திலிருந்து பதில் வரவழைப்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. தானாக உருவாகும் சுதந்திரத்தை உலகத்துக்குக் கடவுள் கொடுத்தார், வலி அதன் விலை என்ற விளக்கம் இவற்றைவிடத் தேவலை. அந்தப் புழுவிடம் யாரும் விலை பேசவில்லையே என்பதுதான் உறுத்துகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் கும்பிடுகிறேன்? உயிர்கள் எப்படி வந்தன என்பதற்கு விளக்கமாக நான் கடவுளை வைத்திருக்கவில்லை. நன்றி சொல்லவும் முறையிடவும் ஒரு முகம் வேண்டியிருக்கிறது. இதை வாதமாக முன்வைக்கவில்லை, நாத்திகரான நண்பர்களுக்கு இது போதாது என்பதும் தெரியும்.

மகள் விஷயத்தில், தேர்வில் எழுதுவதையே வீட்டிலும் உண்மை என்று சொல்லுங்கள். படைப்புக் கதைகளையும் சொல்லுங்கள், ஆனால் குரோமோசோமோடு போட்டிக்கு விடாதீர்கள். இயற்கையைப் பற்றி விசுவாசிகள் உளறினால், கேட்பவர்கள் மற்ற விஷயங்களிலும் வேதத்தை எப்படி நம்புவார்கள் என்று சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் கடிந்துகொண்டிருக்கிறார். என்னோடு விலங்கியல் படித்தவர்களில் சிலர் முதல் ஆண்டிலேயே நம்பிக்கையை விட்டார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அவர்களில் யாரும் வலியைப் பற்றி யோசித்து அந்த முடிவுக்கு வரவில்லை. பூமியின் வயதைப் பற்றி வீட்டில் தங்களுக்குச் சொன்னது தவறு என்று தெரிந்ததும் மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.