வெட்டிய பட்டை எங்கிருந்து வளர்கிறது?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மைட்டாசிஸ் பாடத்தை உருப்போட்டுக்கொண்டே, "ஒரு செல் இரண்டாகிறதால யாருக்கு என்னம்மா லாபம்?" என்கிறாள். ரப்பர் பால் வெட்டப் போகிற எனக்குப் பதில் தெரியவில்லை.
– வாசகி, அருமனை

பதில்: சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். ஒரு விடுமுறை நாளில் அவளையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். ஏழெட்டு வருடம் முன்பு வெட்டி முடித்த பக்கத்தில் புதுப் பட்டை மூடியிருக்கும் அல்லவா? அது மைட்டாசிஸ் செய்த வேலை. பட்டைக்கும் தடிக்கும் நடுவே கேம்பியம் என்று மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதன் செல்கள் பிரிந்து பிரிந்து வெளியே பட்டையையும் உள்ளே மரத்தையும் வளர்க்கின்றன.

என் அப்பாவும் குலசேகரம் பக்கம் பால் வெட்டினவர்தான். அந்த அடுக்குக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கத்தி நின்றுவிட வேண்டும். ஒரு கோடை விடுமுறையில் ஆசைப்பட்டு நான் வெட்டிய மரத்தில் கத்தி தடி வரை போய்விட்டது. அங்கே பட்டை முடிச்சு முடிச்சாகக் கிளம்பியது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா அதைக் காட்டினார். பிற்பாடு முப்பது வருடம் தாவரவியல் நடத்தினேன். கேம்பியம் என்றாலே எனக்கு அந்த மரம்தான்.

அவள் உருப்போடும் நான்கு நிலைகளும் ஒரு பாகப்பிரிவினை. ஆனால் அண்ணன் தம்பி வயலைப் பிரிப்பது போல ஆளுக்குப் பாதி கிடையாது. முதலிலேயே பத்திரம் முழுவதையும் நகலெடுத்து, ஆளுக்கு ஒரு முழுப் பத்திரம். அந்தப் பத்திரம்தான் குரோமோசோம், பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகள். ரப்பர் செல்லில் 36 குரோமோசோம் என்றால் பிரிந்த இரண்டிலும் 36. நமக்கு 46.

இந்த நகலை நம்பித்தான் ஒட்டுக்கன்றே வாங்குகிறோம். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-இல் வெளியிட்ட 105 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு மரமும் ஒரே தாய் மரத்தின் செல்கள் பிரிந்து பிரிந்து வந்ததுதான். விதை போட்டு வளர்த்தால் அப்பா மரம், அம்மா மரம் இரண்டின் குணமும் கலந்துவிடும். பால் எவ்வளவு தரும் என்று சொல்ல முடியாது.

நம் உடம்பிலும் இதே கதை. சிவப்பணு சுமார் 120 நாள்தான் இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜையில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன; நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக வருகின்றன. கத்தி பட்டு அப்பாவின் விரலில் எத்தனையோ காயம், எல்லாம் தோல் மூடி ஆறின. ஆனால் கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்தபோது அந்தக் கை பழையபடி ஆகவில்லை. மூளையின் நரம்பு செல்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. மிஞ்சியவற்றை வைத்துத்தான் பழக வேண்டியிருந்தது.

அப்படியானால் பிரிந்துகொண்டே இருப்பது நல்லதா என்று அவள் கேட்பாள். கட்டுப்பாடில்லாமல் பிரிந்தால் அதுதான் புற்றுநோய். வேலியோரம் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கிற வின்கிறிஸ்டின் என்ற மருந்து, குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்க்கோல் இழைகளை உருவாகவிடாமல் தடுத்து, பிரிவை நிறுத்துகிறது. போகிற வழியில் அந்தச் செடியையும் காட்டுங்கள். மருந்து என்று சொன்னேனே என்று இலையைப் பறித்து வாயில் போட்டுவிட வேண்டாம், செடி நஞ்சு.