ஹைட்டியில் என்னதான் இருக்கிறது?

கேள்வி: அமெரிக்கக் கண்டத்திலேயே பரம ஏழை நாடு ஹைட்டி என்கிறார்கள். நிலநடுக்கம், துப்பாக்கிக் கும்பல், பட்டினி, இதைத் தவிர அங்கே வேறு என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பூசணி சூப் இருக்கிறது. மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு, ஜனவரி முதல் தேதி வீட்டுக்கு வீடு கொதிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது அதைச் சமைத்தவர்கள் அடிமைகள், குடித்தவர்கள் எஜமானர்கள். 1804 ஜனவரி 1-ல் விடுதலை வந்ததும் சமைத்தவர்களே குடித்தார்கள். அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. 2021-ல் யுனெஸ்கோவும் அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அடிமைகள் தாங்களே போராடி அமைத்த நாடு அது. அதைப் பிரான்ஸ் சும்மா விடவில்லை. 1825-ல் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, 'எங்கள் தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் கொடு' என்றது. அந்தச் சொத்துக் கணக்கில் அடிமைகளாக இருந்த மனிதர்களும் அடக்கம்! பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட பிரெஞ்சு வங்கிகளிலேயே கடன், கடனுக்கு வட்டி. எல்லாம் தீர 1947 ஆயிற்று. உள்ளூர் ஆட்சியாளர்கள் அடித்த கொள்ளையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு 'பரம ஏழை' என்று மட்டும் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் பக்கத்தில் க்ருவா-தே-பூக்கே என்று ஓர் ஊர். அங்கே ஜார்ஜ் லியோத்தோ என்ற கொல்லர் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவை அடித்துக்கொண்டிருந்தார். 1950-களில் அவர் சிற்பம் செய்ய ஆரம்பிக்க, ஊரே அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டது. காலி எண்ணெய் டிரம்மின் இரண்டு மூடிகளையும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே வாழைச் சருகைத் திணித்துத் தீ வைப்பார்கள். பழைய பெயின்ட் எரிந்து போகும். பிறகு நெடுக வெட்டிப் பிரித்து, மேலே ஏறி மிதித்து, தட்டித் தகடாக்குவார்கள். சாக்பீஸால் உருவம் வரைந்தபின் உளியும் சுத்தியும்தான், கரண்டே வேண்டாம். அப்படிச் செய்த கடற்கன்னி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். லசிரேன் என்று அவர்கள் கும்பிடும் தெய்வம் அவள். ஒவ்வொரு செதிலும் பின்பக்கத்திலிருந்து தட்டி எழுப்பியது, விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும்.

'இத்தனை வறுமையிலும் இப்படி ஒரு கலையா' என்று வியப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அது அவர்களுக்குச் சோறு போடும் தொழில். சமீப ஆண்டுகளில் கும்பல்கள் அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டதில், பட்டறைக்காரர்கள் பலர் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. வெளிநாட்டுக் கண்காட்சி எதிலாவது அந்தத் தகடுகளைக் கண்டால் மூலையைப் பாருங்கள், செய்தவர் தன் பெயரை உளியாலேயே வெட்டியிருப்பார். பேரம் பேசாமல் வாங்குங்கள்.