தங்கமும் வெள்ளியும் ஒரே எழுத்தில்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய மொழி கற்ற அனுபவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜே.எல்.பி.டி. தேர்வில் தொடக்க நிலையான என்5 தேறிவிட்டேன். தமிழ் மாணவர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்க ஆசை. தமிழ் எழுத்தில் உச்சரிப்போடு பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதி, என்5 முதல் என்1 வரை சொற்பட்டியல், மாதிரித் தேர்வுகள் என்று திட்டம் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, இது வீண் வேலை என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., கோவை

அன்புள்ள ச.,

நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. அகராதி வீண் வேலைதான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய ஜப்பானிய-ஆங்கில அகராதிக் கோப்பு இன்று ஜே.எம்.டிக்ட் என்ற பெயரில் எல்லோருக்கும் கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும், அவ்வளவுதான். கைபேசியில் இருக்கும் ஜப்பானிய அகராதிகள் பலவற்றுக்கும் அதுவே ஊற்று. சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். நான் ஒரு காலத்தில் உட்கார்ந்தேன். 'அ' வரிசையையே தாண்டவில்லை.

நிலைவாரிப் பட்டியலிலும் கவனம் தேவை. 2010இல் தேர்வின் நான்கு நிலைகள் ஐந்தானபோது, அதிகாரபூர்வச் சொற்பட்டியல் வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். 'என்5 சொற்கள்' என்று இப்போது உலவுபவை பழைய பட்டியலும் ஊகமும் கலந்தவை. போடத்தான் வேண்டுமென்றால், மேலே 'உத்தேசம்' என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஜப்பானியத்தில் தங்கத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்கு வேறொரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்'. தங்கத்தைக் குறிக்கும் சொல்லில் வருவது 'கல்' என்பதன் ககரம். வெள்ளியைக் குறிக்கும் சொல்லில் வருவதோ, வேடிக்கையைப் பாருங்கள், 'தங்கம்' என்பதன் ககரம்! ஜப்பானியரின் ஒலியெழுத்தான ஹிரகானாவில் எழுத்தின் தலைமாட்டில் இரண்டு சிறு கோடு போட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். அடிப்படை எழுத்துகள் 46தான். 247 எழுத்து படித்து வந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே அவற்றைக் கொடுத்துவிடலாம்.

நண்பர்கள் பார்க்கத் தவறிய மறுபாதி இலக்கணம். 'மிரு' என்றால் பார். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'ஒகு' என்றால் வை. 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. 'தபெதெ ஷிமத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். இந்தக் கடைசி வடிவத்துக்கு ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு பத்தி விளக்கம் எழுதுகின்றன: செயல் முடிந்ததைக் காட்டும், சில இடங்களில் வருத்தத்தையும் காட்டும் என்று. 'குடையைத் தொலைத்துவிட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பத்தி முழுவதும் நம்முடைய 'விடு'வுக்குள்ளேயே இருக்கிறது. இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்ப் படிப்பானேன்?

உடனே தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று உறவு கொண்டாடக் கிளம்ப வேண்டாம். ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு அப்படி ஒரு கருத்தை முன்வைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பாடம் நடத்த அந்த உறவு தேவையும் இல்லை.

நம் தாய்மொழி காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. 'டோக்கியோவில் வசிக்கிறேன்', 'டோக்கியோவில் சாப்பிட்டேன்'. நமக்கு இரண்டிலும் ஒரே 'இல்'. ஜப்பானியர்களுக்கு வசிக்கும் இடத்துக்கு 'நி', செயல் நடக்கும் இடத்துக்கு 'தெ'. இரண்டு ஆண்டுகள் இதில் தவறிக்கொண்டிருந்தேன். என் ஆசிரியை ஒவ்வொரு முறையும் சிவப்பு மையால் வட்டமிடுவார், காரணம் சொல்ல மாட்டார். எனக்குள் ஓர் 'இல்' உட்கார்ந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். முதல் பக்கமாக இதையே எழுதுங்கள்.

உங்கள் தொழில் சார்ந்த ஒரு விஷயம். பக்கத்தின் நிரலில் ஜப்பானியப் பகுதிகளுக்கு 'இது ஜப்பானியம்' என்று மொழிக் குறி இடுங்கள். யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் பல எழுத்துகள் பொது என்பதால், குறி இல்லாவிட்டால் எலும்பைக் குறிக்கும் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) போன்றவை சில கணினிகளில் சீன வடிவில் தெரியும். மாணவர் அதைப் பார்த்து அப்படியே எழுதிப் பழகிவிடுவார்.

'இல்' பக்கம் தயாரானதும் அனுப்புங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.