குடும்பத்துக்குள் ஒருவரைத் தொடர்ந்து கட்டாயப்படுத்திப் பணியவைத்து, கடுமையாகப் பாதிக்கும் குற்றத்துக்குத் தண்டனையை உயர்த்த வேண்டுமா?

உயர்த்த வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் உச்ச தண்டனையை ஒட்டுமொத்தமாகக் கூட்டுவதைவிட, பாதிப்பு கடுமையாகும்போது தண்டனையும் படிப்படியாக ஏறும்படி சட்டத்தை வகுப்பதே முறை.

என் தோழியை அவளுடைய கணவர் ஒருமுறைகூட அடித்ததில்லை. சம்பளம் வந்த அன்றே ஏடிஎம் அட்டை அவர் கைக்குப் போய்விடும். தாயிடம் பேசுவதென்றாலும் அவர் காதில் விழும்படி ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். மறுத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாக மிரட்டுவார். இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் சொல்லிப் புகார் கொடுத்தால் அது குடும்பத் தகராறாகவே தெரியும். அவளையும் அப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். தூக்கம் கெட்டு, வேலையையும் விட்டு, மனநல மருத்துவரிடம் போகும் நிலைக்கு அவள் வந்தது, இவை அனைத்தும் சேர்ந்து, நாள் தவறாமல் நடந்ததால்தான்.

இந்தத் தொடர் நடத்தையையே குற்றமாக்கிய இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறை விதிக்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அது 14 ஆண்டுகள்வரை போகிறது. எனக்குச் சரியாகப்படுவது பிரான்சின் வழி. அங்கே துணைவரைத் தொடர்ந்து மனரீதியாகத் துன்புறுத்தினால் 3 ஆண்டுகள். அதனால் 8 நாட்களுக்கு மேல் அவர் இயல்பாகச் செயல்பட முடியாமல் போனால் 5 ஆண்டுகள். தற்கொலைக்கோ தற்கொலை முயற்சிக்கோ தள்ளப்பட்டால், 2020இல் சேர்த்த பிரிவின்படி, 10 ஆண்டுகள். உடலில் காயமே இல்லாவிட்டாலும் நேர்ந்த கேட்டின் அளவைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

தண்டனை கூடினால் நீதிமன்றங்கள் இன்னும் வலுவான சான்று கேட்கும், குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்ற வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். அதனால்தான், தண்டனையை உயர்த்தும் அதே திருத்தத்தில், வங்கிக் கணக்கு விவரம், குறுஞ்செய்திகள், மருத்துவக் குறிப்புகள், அக்கம்பக்கத்தார் சாட்சியம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே தொடராக வைத்து விசாரிக்கும்படி காவல்துறைக்குக் கட்டாய நெறிமுறையும் இருக்க வேண்டும் என்கிறேன். வருமானத்துக்குக் குற்றவாளியையே நம்பியிருப்பவர் புகாரைத் திரும்பப் பெறும் நெருக்கடி எப்போதும் உண்டு; வழக்கு முடியும்வரை அவருக்குத் தங்குமிடமும் இடைக்காலப் பணஉதவியும் கிடைக்கவும் அதிலேயே வழி செய்ய வேண்டும்.